குரத்தி என்றொரு சொல்

கம்பம் பள்ளத்தாக்கில் ஒருவர் வாழ்க்கையில் முன்னேறிவிட்டாரா இல்லையா என்று முடிவுசெய்ய ஊருக்கு அதிக நேரம் பிடிக்காது. எத்தனை ஏக்கர் திராட்சைப் பந்தல், மலைமேல் எவ்வளவு ஏலத்தோட்டம், மகளைக் கட்டிக்கொடுத்தபோது எத்தனை பவுன் போட்டார்கள் என்ற மூன்றும் தெரிந்தால் போதும். இது இன்று நேற்று வந்த பழக்கம் அல்ல. ஆண்டிபட்டி வட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் தமிழி எழுத்து பொறித்த நடுகற்கள் கிடைத்தன. எழுத்தோடு கிடைத்த மிகப் பழைய நடுகற்களில் சேர்ந்தவை அவை. அவற்றில் ஒன்று ஆகோள் பூசலில், அதாவது மாடு கவரும் சண்டையில், இறந்தவனுக்காக நட்டது. அன்றைக்குச் செல்வம் என்றால் மாடு. மாட்டுக்காகச் செத்தவனுக்குக் கல். 1895இல் முல்லைப் பெரியாறு அணை கட்டி முடிந்ததும் செல்வம் தண்ணீர் வழியாக வந்தது. அணை கட்டிய பென்னிகுயிக்குக்கு லோயர் கேம்ப்பில் 2013இல் மணிமண்டபம் திறந்தார்கள். வெற்றி பெற்றவர்களையும் வெற்றியைக் கொண்டுவந்தவர்களையும் கல்லில் நினைவு வைத்துக்கொள்ளும் பூமி இது.

இந்தக் கணக்கில் பெண்களுக்குத் தனி வரி உண்டு. புருஷன் இருக்கிறானா, பிள்ளை இருக்கிறதா? இரண்டுக்கும் 'ஆம்' என்று பதில் வந்தால் அவள் வாழ்ந்தவள். இல்லை என்றால் அவளுக்கென்று தமிழில் சொற்கள் தயாராக இருக்கின்றன. வாழாவெட்டி, மலடி, அறுதலி, முண்டச்சி. ஒவ்வொன்றும் ஒரு தோல்வியின் பெயர். அறிவைத் தேடிப் போனவள், வீட்டைவிட்டு வெளியேறியும் கெட்டுப்போகாதவள், நாலு பேருக்குச் சொல்லிக்கொடுத்தவள் என்று ஒரு பெண்ணைக் குறிக்க நம் பேச்சில் ஒரு சொல்லாவது இருக்கிறதா? இருந்தது. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பு அது கல்லிலேயே வெட்டப்பட்டது. அந்தச் சொல் எங்கே இருந்தது, ஏன் தேவைப்பட்டது, போனதால் நமக்கு என்ன நட்டம் என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப்போகிறேன்.

உத்தமபாளையத்துப் பாறை

தொடங்க வேண்டிய இடம் உத்தமபாளையம். ஊரை ஒட்டிய கருப்பணசாமி கோயில் பாறையில் சமணத் தீர்த்தங்கரர்களின் உருவங்கள் வரிசையாகச் செதுக்கப்பட்டிருக்கின்றன. பாம்பின் படம் தலைக்குமேல் விரிந்தவர் பார்சுவநாதர் என்பதைச் சட்டென அடையாளம் காணலாம். பக்கத்தில் வட்டெழுத்தில் பெயர்கள். 9, 10ஆம் நூற்றாண்டுகளில் இந்த இடத்துக்குத் திருக்குணகிரி என்று பெயர். கடாவெட்டுக்கும் பொங்கலுக்கும் வரும் சனம் தீர்த்தங்கரர்களையும் கும்பிட்டுவிட்டுத்தான் போகிறது. உயிர்க்கொலை கூடாது என்ற சமயத்தின் ஆசிரியர்கள் கருப்பணசாமியின் அண்டைவீட்டுக்காரர்களாகக் குடியிருக்கிறார்கள். நம் ஊரில் சமயங்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்த விதம் இதுதான்.

சமணர்கள் ஏன் இங்கே வந்தார்கள்? மதுரையிலிருந்து சேரநாட்டுக்குப் போகும் வணிகப் பாதை இந்தப் பள்ளத்தாக்கின் வழியாகத்தான் குமுளி மலையேறியது. மிளகும் ஏலமும் இறங்கின, உப்பும் துணியும் ஏறின. வணிகச் சாத்துகள் தங்கிய இடங்களுக்குப் பக்கத்தில், ஆனால் ஊரைவிட்டு விலகி, துறவிகள் பாறைகளைத் தேர்ந்தெடுத்தார்கள். சோறு போடுவதற்கு வணிகர்கள் வேண்டும். தியானத்துக்குத் தனிமை வேண்டும். பொருள் தேடிப் போகிறவர்களின் சாலையோரத்திலேயே, பொருள் வேண்டாம் என்றவர்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

உத்தமபாளையத்துப் பாறையில் நாம் அறியும் பெயர்களில் முக்கியமானது அச்சணந்தி. பாண்டிய நாட்டின் சமண மலைகளில் திரும்பத் திரும்ப வரும் பெயர் இது. ஆனைமலை, அழகர்மலை, கருங்காலக்குடி என்று மதுரையைச் சுற்றிலும், தெற்கே சிதறாலிலும்கூட அவர் பெயர் இருக்கிறது. பக்தி இயக்கம் சமணத்தை ஓரங்கட்டிய பிறகு, மலை மலையாக நடந்து, திருமேனிகள் செதுக்கச் செய்து, சமணத்துக்கு மறுபடி உயிர்கொடுத்தவர் என்று வரலாற்றாசிரியர்கள் அவரைச் சொல்கிறார்கள்.

இந்த அச்சணந்தியின் பெயரைப் பிடித்துக்கொண்டு கிழக்கே ஏறத்தாழ 100 கிலோமீட்டர் போனால், மதுரைக்கு அருகே கீழக்குயில்குடி சமணர் மலையில், பேச்சிப்பள்ளம் என்ற இடத்தில் ஒரு பெண்ணைச் சந்திக்கிறோம். அங்கே ஒரு திருமேனிக்குக் கீழே உள்ள வட்டெழுத்து, அதைச் செய்வித்தவர் அச்சணந்தியின் தாயார் குணமதியார் என்கிறது. அந்தப் பொறிப்பில் தந்தையின் பெயர் இல்லை. குலமும் ஊரும் இல்லை. பெண்ணை இன்னார் மகள், இன்னார் மனைவி என்று எழுதுவதே வழக்கமாக இருந்த காலத்தில், இன்னாரின் தாய் என்று அவர் தன்னை அறிவித்துக்கொள்கிறார். அதிலும் அந்த மகன் அரசனோ வணிகனோ அல்லன், கையில் ஒன்றும் வைத்துக்கொள்ளாத துறவி. மகன் வீட்டைவிட்டுப் போனதைத் தன் தோல்வியாக நினைத்த தாய் அப்படிக் கல்லில் வெட்டச் சொல்லியிருக்க மாட்டார். மகன் போன வழியின் அருமையை அவர் அறிந்திருந்தார் என்றே நான் அந்தக் கல்லை வாசிக்கிறேன்.

குறத்தி அல்ல, குரத்தி

குணமதியார் தாயாக நின்று பேசுகிறார். ஆசிரியராகவே நின்ற பெண்களைப் பார்க்க இன்னும் தெற்கே போக வேண்டும். தூத்துக்குடி மாவட்டம் கழுகுமலையில், 8, 9ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த சிறு சிறு வட்டெழுத்துப் பொறிப்புகள் ஏறத்தாழ நூறு இருக்கின்றன. இந்த உருவத்தைச் செய்வித்தவர் இன்னார், அவர் இன்னாருடைய மாணாக்கர் என்பதுதான் அவற்றின் வாய்பாடு. அந்தப் பெயர்களுக்கிடையே திருச்சாரணத்துக் குரத்திகள், மிழலூர்க் குரத்தியார், சங்கக் குரத்திகள் என்று பெண்கள் வருகிறார்கள்.

குரத்தி என்பது குரவன் என்ற சொல்லின் பெண்பால். குரவன் என்றால் ஆசான். ஆகவே குரத்தி என்றால் ஆசாட்டி. இடையின ரகரத்தைக் கவனிக்காதவர்கள் இதைக் குறத்தி என்று படித்துவிடுவார்கள். பெயரின் முதற்பகுதி பெரும்பாலும் ஊர்ப்பெயர். மிழலூரிலிருந்து வந்தவர், திருச்சாரணத்திலிருந்து வந்தவர் என்று பொருள். திருச்சாரணம் என்பது இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்துச் சிதறால். அங்கிருந்து கழுகுமலைவரை ஒரு பெண் வந்து, தன் பெயரில் அல்லது தன் மாணாக்கர் வழியாக ஒரு திருமேனியை நிறுவியிருக்கிறார். அடையாளமாகக் கொடுத்திருப்பது பிறந்த வீட்டையும் அல்ல, புகுந்த வீட்டையும் அல்ல, கற்பித்த பள்ளியை.

சிதறாலிலேயே இன்னொருவர் இருக்கிறார். ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணனின் 28ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு, பேராயக்குடி அரிட்டநேமி படாரரின் மாணாக்கியான குணந்தாங்கிக் குரத்திகள், மலைமேல் உள்ள தெய்வமான படாரியாருக்குப் பொன்னணிகள் கொடுத்ததைச் சொல்கிறது. பொன்னைத் தன் கழுத்தில் போட்டுக்கொள்ளாத பெண்ணின் கை வழியாகப் பொன் போயிருக்கிறது. ஊரார் தந்ததாக இருக்கலாம், குடும்பச் சொத்தின் மிச்சமாக இருக்கலாம். எப்படியானாலும் அதை என்ன செய்வது என்று முடிவெடுத்தவர் அவர்.

எல்லாவற்றையும்விட வியப்பான செய்தி வடக்கே, வந்தவாசிப் பக்கம் வேடல் என்ற ஊரில் இருக்கிறது. 9ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், முதலாம் ஆதித்த சோழனின் 14ஆம் ஆட்சியாண்டில் வெட்டிய கல்வெட்டு அது. குணகீர்த்தி படாரரின் மாணாக்கி கனகவீரக் குரத்தியார். அவருக்கு 500 மாணாக்கியர். அவர்களுக்கும் 400 பேர் கொண்ட மற்றொரு குழுவுக்கும் பிணக்கு ஏற்பட்டது. குரத்தியாரையும் அவருடைய 500 பேரையும் தாங்களே காத்துச் சோறிடுவதாக ஊரார் பொறுப்பேற்றார்கள்.

ஐந்நூறு பெண்கள்! ஒரு பெண்ணிடம் பாடம் கேட்கும் ஐந்நூறு பெண்கள் ஓர் ஊரில் இருந்தார்கள், அவர்களுக்குள் சண்டையும் இருந்தது, ஊர் அதில் தலையிட்டு அரிசிக்கு வழிசெய்தது. சண்டை இருந்தது என்பதே எனக்கு மகிழ்ச்சியளிக்கிறது. புனிதப் படத்தில் இருக்கும் பெண்கள் சண்டை போடுவதில்லை. உண்மையாகவே ஒரு நிறுவனத்தை நடத்துகிறவர்களுக்குத்தான் பிணக்கு வரும், வரவுசெலவு வரும், யாருக்கு எந்த இடம் என்ற கேள்வி வரும். அறிவு காட்டில் தனியாகக் கண்மூடி இருந்தால் தானாக வந்துவிடும் என்ற கற்பனையை வேடல் கல்வெட்டு உடைக்கிறது. அதற்கு ஆசிரியர் வேண்டும், உடன்படிப்போர் வேண்டும், மூன்று வேளை இல்லாவிட்டாலும் ஒரு வேளைச் சோறு நிச்சயமாக வேண்டும்.

கவுந்தி நடந்த வழி

கல்வெட்டு பெயரைத் தரும், ஆளைத் தராது. குரத்தி ஒருவர் எப்படிப் பேசியிருப்பார், எப்படி நடந்திருப்பார் என்று பார்க்க நமக்கு இருப்பது சிலப்பதிகாரத்துக் கவுந்தி அடிகள். காப்பியப் பாத்திரம்தான். ஆனால் சமணப் பெண்துறவிகளைக் கண்ணால் கண்ட ஒரு சமூகம் படைத்த பாத்திரம்.

புகாரைவிட்டு இரவோடிரவாகக் கிளம்பிய கோவலனும் கண்ணகியும் காவிரிக்கரைச் சோலையில் கவுந்தியைச் சந்திக்கிறார்கள். மதுரையில் உள்ள அறவோரிடம் அறம் கேட்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. அதனால் கூடவே வருகிறார். கதையில் இவர்களை வழிகாட்டி என்றும் வழிப்போக்கர் என்றும் பிரித்தால், வழி தெரிந்தவர் கவுந்திதான். எந்தச் சோலையில் கிழங்கு தோண்டிய குழிகள் இருக்கும், எந்த வயலில் காலடியில் சிற்றுயிர்கள் மிதிபடும் என்று சொல்லிக்கொண்டே நடக்கிறார். கண்ணகியின் பாதத்தைப் பற்றிக் கவலைப்படும்போதே நண்டின் உயிரைப் பற்றியும் கவலைப்படுகிறார். வழியில் இருவர் கண்ணகியையும் கோவலனையும் கேலி பேசியபோது சினந்து அவர்களை நரிகளாகச் சபித்துவிட்டு, கண்ணகியும் கோவலனும் இரங்கிக் கேட்டதும் 12 மாதம் என்று தண்டனைக்கு எல்லை வைக்கிறார். கோபம் அற்ற ஞானி அல்லர். கோபத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளத் தெரிந்தவர்.

ஆனால் அவருடைய ஞானம் எல்லாவற்றையும் காப்பாற்றவில்லை. மதுரைப் புறஞ்சேரியில் கண்ணகியை ஆயர்குலத்து மாதரியிடம் அடைக்கலமாக ஒப்படைக்கிறார். அதற்குப் பிறகு நடந்தது நமக்குத் தெரியும். செய்தி கேட்டு மாதரி தீப்பாய்ந்தாள். கவுந்தி உண்ணாநோன்பிருந்து உயிர்விட்டார்.

இங்கே ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். கோவலனின் தந்தை மாசாத்துவான் தன் பெரும் செல்வத்தைத் தானம் செய்துவிட்டுப் பௌத்தப் பள்ளியில் சேர்ந்தார். கண்ணகியின் தந்தை மாநாய்கன் அவ்வாறே கொடுத்துவிட்டு ஆசீவகத் துறவியரிடம் போனார். புகார் நகரின் இரு பெரிய வணிகர்களும் இழப்புக்குப் பிறகு ஞானத்தின் பக்கம் திரும்பினார்கள். அவர்களுடைய மனைவியர்? இருவரும் துயரம் தாங்காமல் இறந்துபோனார்கள். கொடுப்பதற்கு அவர்கள் பெயரில் செல்வம் இருந்ததாகக் கதை சொல்லவில்லை. தப்பித்த பெண்கள் இருவர், மாதவியும் மணிமேகலையும். கணிகையர் குலத்தில் பிறந்து, ஊரின் கண்ணில் மதிப்பாக வாழும் வாய்ப்பு இல்லாத இருவருக்குத்தான் பௌத்தத் துறவின் கதவு திறந்தது. குலமகளிர் துக்கத்தில் செத்தார்கள் என்பது காப்பியத்துக்கு இயல்பாகத் தெரிகிறது. நமக்குத் தெரியக் கூடாது.

வேடத்தில் கேட்ட பாடம்

இதைச் சொல்லும்போது சமயங்களைப் புகழ்ந்து தள்ளிவிட முடியாது. தமிழ்நாட்டுச் சமணம் திகம்பர மரபு. பெண்ணுடலோடு வீடுபேறு கிடையாது, ஆணாக மறுபிறப்பு எடுத்துத்தான் அடைய வேண்டும் என்பது அந்த மரபின் கொள்கை. கனகவீரக் குரத்தியார் 500 பேருக்குக் கற்பித்த சமயத்தின் கடைசிப் படி அவருக்கே மூடியிருந்தது. மணிமேகலையில் இன்னொரு காட்சி. வஞ்சி நகரில் ஒவ்வொரு சமயத்தாரிடமும் போய் அவர்கள் கொள்கையைக் கேட்க மணிமேகலை விரும்புகிறாள். இளம்பெண்ணாகப் போனால் சொல்லமாட்டார்கள் என்று தெய்வமே முன்கூட்டிச் சொல்லிவைக்கிறது. அவள் தவசி வடிவம் எடுத்துக்கொண்டு போய்த்தான் பாடம் கேட்கிறாள். கல்விக்காக ஆண்வேடம் போட்ட முதல் தமிழ்ப்பெண் அவள்தான் என்று வகுப்பில் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. மாணவிகள் சிரித்துவிட்டுப் பிறகு அமைதியாகிவிடுவார்கள்.

ஆனாலும், வேடம் களைந்தபின் அவள் கையில் அமுதசுரபி இருந்தது. ஊருக்குச் சோறிட்டவள், பிறகு அறம் கேட்டவள், பிறகு நோன்பு பூண்டவள் என்ற வரிசை முக்கியம். சமணரின் நீலகேசியில் ஒரு பெண் சமயம் சமயமாகப் போய் வாதம் செய்கிறாள். அதை எழுதியவர் யாராக இருந்தாலும், வாதம் செய்யும் பெண்ணைக் கேட்போர் நம்புவார்கள் என்று எண்ணியிருக்கிறார். உலகின் வேறு பக்கத்திலும் ஏறத்தாழ இதே காலம். 8ஆம் நூற்றாண்டில் பாசுரா நகரத்தில் ராபியா, சொர்க்க ஆசையும் நரக பயமும் இல்லாமல் இறைவனை நேசிப்பதைப் பற்றிப் பேசினார். அடிமையாக இருந்தவர் என்று மரபு சொல்லும் அவரைத் தேடி ஆண் ஞானிகள் வந்தார்கள். அதற்கும் வெகுகாலம் முன்பே பௌத்தப் பெண்துறவியரின் பாடல்கள் தேரிகாதையாகத் தொகுக்கப்பட்டிருந்தன. கதவு முழுதாகத் திறக்கவில்லை. திறந்த அளவுக்குள் பெண்கள் நுழைந்துவிட்டார்கள்.

துறவும் கைம்மையும் வெளியிலிருந்து பார்க்க ஒன்றுபோல இருக்கும் என்பதையும் மறக்கக் கூடாது. மழித்த தலை, ஒருவேளை உணவு, வெறுந்தரைப் படுக்கை, நகை இல்லாத உடம்பு. புறநானூற்றில் பெருங்கோப்பெண்டு, கைம்மை நோன்பைவிடத் தீ மேல் என்று சொல்லிச் சிதையேறினாள். அவள் வெறுத்த அதே உணவையும் படுக்கையையும் குரத்தி விரும்பி ஏற்றாள். வேறுபாடு உணவில் இல்லை. கைம்பெண்ணுக்கு அது தண்டனை, தனிமை. குரத்திக்கு அது பயிற்சி, கூட்டம். கைம்பெண்ணைக் கண்டால் ஊர் வழிவிலகும். குரத்தியிடம் ஊர் கேள்வி கேட்க வரும். எளிய வாழ்வு உயர்ந்தது என்று பெண்களுக்கு யாராவது போதித்தால் முதலில் நாம் கேட்க வேண்டியது, அதை அவள் தேர்ந்தெடுத்தாளா, அதற்குப் பிறகு அவள் சொல்லுக்கு மதிப்பு கூடியதா குறைந்ததா என்பதுதான்.

மலைமேல் முதலில் அறிந்தவர்கள்

இப்போது மறுபடி பள்ளத்தாக்குக்கு வருவோம். கூடலூருக்கு மேலே, தமிழ்நாடும் கேரளமும் தொட்டுக்கொள்ளும் வண்ணாத்திப்பாறையில் மங்கலதேவி கண்ணகி கோயில். சிலப்பதிகாரத்தில் கண்ணகி விண்ணேறிய நெடுவேள்குன்றம் இதுவே என்று 1960களில் பேராசிரியர் சி. கோவிந்தராசனார் ஆராய்ந்து சொன்ன பிறகு பலரும் அதை ஏற்றார்கள். பெரியாறு புலிகள் காப்பகத்துக்குள் இருப்பதால் ஆண்டுக்கு ஒரே நாள், சித்திரை முழுநிலவு அன்று மட்டும், மக்களுக்கு வழி திறக்கும். குமுளியிலிருந்து ஜீப்பில் போகிறவர்கள் உண்டு. பளியன்குடியிலிருந்து காட்டுவழியே நடந்து ஏறுகிறவர்கள் உண்டு. பெண்கள் வளையலும் மஞ்சள் கயிறும் வாங்கிக்கொண்டு இறங்குவார்கள். கணவனுக்காக நகரை எரித்தவளிடம் கணவனின் ஆயுளைக் கேட்டுவிட்டு வருவது அங்கே வழக்கம்.

அந்த மலையில் நடந்ததாகக் காப்பியம் சொல்வதை வரிசைப்படுத்திப் பார்க்கிறேன். ஒரு முலை இழந்து வேங்கை மரத்தடியில் நின்றவளை முதலில் கண்டவர்கள் குன்றத்துக் குறத்தியர். இங்கே வல்லின றகரம். அவர்கள் எழுத்தறிந்தவர்கள் அல்லர், அரசவையில் இடமுள்ளவர்கள் அல்லர். இவளைவிடப் பெரிய தெய்வம் நமக்கு இல்லை என்று கண்டு, தொண்டகப் பறை முழங்கக் குரவை ஆடி வழிபட்டவர்கள் அவர்களே. பிறகுதான் செய்தி சேரன் செங்குட்டுவனுக்குப் போகிறது. கணவனோடு உயிர்விட்ட பாண்டிமாதேவி, நம் நாட்டுக்கு வந்த இந்தப் பத்தினி, இருவரில் யாரை வணங்குவது என்று அவன் தன் அரசியைக் கேட்கிறான். இங்கே வந்தவளை வணங்க வேண்டும் என்று முடிவு சொல்வது அரசி. அதன்பின் அரசன் இமயம்வரை படையெடுத்துப் போய், கனகவிசயரைத் தோற்கடித்து, அவர்கள் தலையில் கல்லை ஏற்றிக்கொண்டு வருகிறான். நம் பாடநூல்கள் கனகவிசயர் தலையில் ஏறிய கல்லைத்தான் பெரிதாகச் சொல்கின்றன. அந்தக் கல் வருவதற்கு முன்பே வழிபாடு தொடங்கிவிட்டது. குறத்தியர் அறிந்ததை உறுதிப்படுத்தத்தான் அரசனுக்கு ஒரு போர் தேவைப்பட்டது.

அதற்கு அடுத்த செய்தி இன்னும் குறைவாகவே பேசப்படுகிறது. கோயில் எடுத்தபின் அங்கே பூசை செய்யச் செங்குட்டுவன் யாரை நியமிக்கிறான்? தேவந்தியை. கண்ணகியின் தோழி. எட்டாண்டு குடும்பம் நடத்திவிட்டு, தான் பாசண்டச்சாத்தன் என்ற தெய்வம் என்று உருக்காட்டி மறைந்துபோனவனின் மனைவி. புருஷன் தீர்த்தயாத்திரை போயிருக்கிறான் என்று ஊருக்குச் சொல்லிக்கொண்டு கோட்டத்தைச் சுற்றிவந்தவள். இன்றைய நம் ஊர்ப்பேச்சில் அவளுக்கு என்ன பெயர் கிடைத்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. அவள்தான் கண்ணகி கோயிலின் முதல் பூசாரி. 2023இல் தமிழ்நாட்டில் மூன்று பெண்கள் அர்ச்சகர் பயிற்சி முடித்துச் சான்றிதழ் வாங்கியபோது, பெண் கருவறைக்குள் போகலாமா என்று விவாதம் செய்தவர்கள் காப்பியத்தின் கடைசிக் காதையைப் படித்திருக்கலாம்.

தேவந்தி பூசை மட்டும் செய்யவில்லை. அவள்மேல் கண்ணகி இறங்கி, இளங்கோவடிகளைப் பார்த்து அவருடைய சொந்தக் கதையையே சொல்கிறாள். அரசாளும் இலக்கணம் உனக்கு உண்டு என்று நிமித்திகன் சொன்னபோது, அண்ணன் செங்குட்டுவனின் மனம் நோகக் கூடாதென்று அரச உரிமையைத் துறந்தவன் நீ என்கிறாள். தமிழில் மிகவும் போற்றப்படும் ஆண்துறவு இளங்கோவின் துறவு. அரியணையைவிட அறிவு பெரிது என்பதற்கு மேடைதோறும் எடுத்துக்காட்டாக வருவது அது. அந்தச் செய்தியைக் காப்பியம் நமக்குத் தருவது கணவன் இல்லாத ஒரு பூசாரிப் பெண்ணின் வாய்வழியாக. இமயம் போய்வந்த அண்ணன், அரியணை துறந்த தம்பி இருவருக்கும் நடுவில் நின்று பேசும் இடம் தேவந்திக்குக் கிடைத்திருக்கிறது.

சொல் போனபின்

குரத்தியர் எங்கே போனார்கள்? சமணப் பள்ளிகள் நலிந்தபோது அவர்களுக்குச் சோறிட்ட ஏற்பாடுகளும் நலிந்தன. சிதறால் பகவதி கோயிலாயிற்று. திருக்குணகிரி கருப்பணசாமியிடம் போயிற்று. பெண் தெய்வங்கள் தங்கிவிட்டார்கள், பெண் ஆசிரியர்கள் போய்விட்டார்கள். தேவதானப்பட்டி மூங்கிலணைக் காமாட்சி கோயிலில் கருவறைக் கதவு எப்போதும் மூடியே இருக்கும். அந்தக் கதவுக்குத்தான் பூசை. உள்ளே அம்மன் தவத்தில் இருக்கிறாள், குலைக்கக் கூடாது என்று பெரியவர்கள் சொல்வார்கள். ஒரு பெண் தனியாக, யாருக்கும் முகம் காட்டாமல், தன் உள்ளத்தோடு இருக்கலாம் என்பதும் அதை மதிக்க வேண்டும் என்பதும் நம் சனத்துக்குத் தெரியாத விஷயமல்ல. அந்த மரியாதையை அம்மனோடு நிறுத்திக்கொண்டோம்.

என் சின்ன அத்தை கல்யாணமாகி மூன்று மாதத்தில் திரும்பி வந்தவர். நாற்பது ஆண்டு ஏலத்தோட்டத்தில் காய் எடுத்தார். விடிவதற்கு முன்பே தூக்குச்சட்டியோடு ஜீப்பில் மலையேறி, இருட்டும்போது இறங்குவார். செவ்வாய், வெள்ளி இரவுகளில் தெருமுனை அம்மன் கோயில் திண்ணையில் உட்கார்ந்திருப்பார். மருமகளோடு ஒத்துப்போகாத மாமியார், கருச்சிதைவான பெண், மகன் குடிக்கிறான் என்று அழுபவள் எனப் பலரும் அங்கே வருவார்கள். அத்தை குறி சொல்லமாட்டார், திருநீறு மந்திரிக்கமாட்டார். கேட்பார். பிறகு ரெண்டு வார்த்தை சொல்வார். அந்த ரெண்டு வார்த்தைக்காகப் பக்கத்து ஊரிலிருந்துகூட வந்தார்கள். கல்யாண வீட்டில் மட்டும் அதே பெண்கள் அவரை முன்வரிசைக்குக் கூப்பிடமாட்டார்கள்.

ஒருமுறை இதைப் பற்றிக் கேட்டேன். "எனக்கு என்ன குறைச்சல்னு ஊரே கணக்குப் பாக்குது தாயி. ஆனா கொறைய எல்லாம் அவுங்கதான் கொண்டாந்து எங்கிட்ட எறக்கி வச்சுட்டுப் போறாங்க" என்றார். சொத்து என்று அவரிடம் ஒரு டிரங்குப் பெட்டியும் ரெண்டு ஆடும் இருந்தன.

அத்தையை நான் துறவி என்று சொல்லமாட்டேன். அவர் எதையும் துறக்கவில்லை. துறப்பதற்கு அவருக்கு எதுவும் தரப்படவில்லை. நாற்பதாண்டு கூலிவேலையை ஆன்மிகம் என்று அலங்கரிப்பதும் அவருக்குச் செய்யும் அநியாயம். ஆனால் தோட்டத்துக்கும் திண்ணைக்கும் நடுவில் அவர் சேர்த்துவைத்த அறிவு ஒன்று இருந்தது. அது பக்தியில் ஊறிய அறிவு, மற்றவர் துயரத்தைப் பொறுமையாகக் கேட்டுக் கேட்டு வந்த அறிவு. அதற்குப் பெயர் இல்லாததால் அவர் கடைசிவரை வாழாவெட்டி என்ற பெயரோடுதான் இருந்தார். 9ஆம் நூற்றாண்டு வேடலில் இருந்திருந்தால் ஊர் அவருக்குச் சோறிட ஒப்பந்தம் எழுதியிருக்கும்.

சொற்கள் சும்மா வருவதில்லை. குரத்தி என்ற சொல் பிழைத்திருந்தது, அதற்குப் பின்னால் ஒரு பள்ளியும் ஊர்ச்சோறும் மாணாக்கியரும் இருந்ததால். அவை போனதும் சொல்லும் கல்லில் தங்கிவிட்டது. ஆகவே சொல்லை மட்டும் தூசிதட்டி எடுத்துக்கொண்டால் போதாது. தனித்து வாழும் பெண்ணுக்கு ஒரு வீடு வாடகைக்குக் கிடைப்பதில் தொடங்கி, ஏலத்தோட்டத்துப் பெண்ணுக்கு முதுமையில் ஓர் ஓய்வூதியம் தடையின்றி வருவது வரை, பழைய ஊர்ச்சோற்றின் இன்றைய வடிவங்களைக் கேட்டுப் பெற வேண்டியிருக்கிறது.

அதற்கிடையில் சின்னதாக ஒன்று செய்யலாம். உத்தமபாளையத்துப் பாறைக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போகும் ஆசிரியர்கள் அச்சணந்தியின் பெயரைப் படித்துக்காட்டும்போது, அவருக்கு ஒரு தாயார் இருந்தார், அவர் பெயர் குணமதியார், அதையும் கல்லில் எழுதிவைத்திருக்கிறார்கள் என்று சேர்த்துச் சொல்லலாம். கூட வந்திருக்கும் பெண்பிள்ளைகளில் யாராவது, அந்தக் காலத்தில் பொம்பளை வாத்தியார் உண்டா என்று கேட்டால், சொல்வதற்குப் பதில் இருக்கிறது.